பாம்பைப் படிக்க வந்த பையன்!

திருவண்ணாமலை மாவட்டத்தில் மல்லாட்டை பிடுங்கும் காலத்தில், ‘பாம்பு... பாம்பு!’ என்ற சத்தம் கேட்காத கொல்லையே இருக்காது. செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் ஏறி நிற்பார்கள். ஆண்கள் கையில் அகப்பட்ட கட்டையோடு ஓடுவார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். செத்துக்கிடப்பது என்னவென்று பார்த்தால், பெரும்பாலும் அது ஒரு சாரைப்பாம்பாக இருக்கும். அது வந்தது ஆளைக் கடிக்க இல்லை; மல்லாட்டையைக் கொறிக்க வந்த எலியைப் பிடிக்க. பாம்பை அடித்த கட்டை வேலியோரம் கிடக்கும். எலி மட்டும் வளைக்குள் பத்திரமாக இருக்கும்.

ஆனால், எல்லா ஊரிலும் ஒரு பையனோ பெண்ணோ இருக்கிறார்கள். எல்லோரும் பின்னால் ஓடும்போது, ‘அது என்ன பாம்பு?’ என்று எட்டிப் பார்க்கும் பிள்ளை. ஓணான் தலையாட்டுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளை. பாம்பு உரித்துப் போட்ட சட்டையைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு போய் வாத்தியாரிடம் திட்டு வாங்கும் பிள்ளை. ‘இதெல்லாம் சோறு போடுமா?’ என்று அந்தப் பிள்ளையை வீட்டில் கேட்பார்கள்.

சோறு போட்டதா, இல்லையா என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. ஒருவருக்கு மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட கதை. பாம்புக்கடிக்கு அரசு மருத்துவமனையில் போடும் ஊசியிலும் அந்தக் கதைக்குப் பங்கு உண்டு.

கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு!

ராமுலஸ் விட்டேகர், 1943-ம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோதே, கையில் ஒரு பாம்போடு வீட்டுக்கு வந்து நின்றவர். வேறொரு அம்மாவாக இருந்தால் அலறியிருப்பார். இவருடைய அம்மா அலறவில்லை. மகனின் ஆர்வத்தைப் பார்த்துவிட்டு, பாம்புகளைப் பற்றிய புத்தகம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு புத்தகம்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் விதை.

1951-ல், எட்டு வயதில், அம்மாவோடு இந்தியாவுக்கு வந்தார். படித்தது கொடைக்கானலில், விடுதியில் தங்கி. சோலைக்காடுகளில் திரிவதும், கண்டதைக் குறித்து வைப்பதும்தான் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம். விடுதியில் தன் கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பையே வளர்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்படிப்புக்காக அமெரிக்கா போனார். கல்லூரி அவருக்கு ஒத்துவரவில்லை. படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு, மயாமி நகரத்தில் பில் ஹாஸ்ட் என்பவர் நடத்திவந்த பாம்புப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். உலகமெங்கும் உள்ள ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுத்தவர் ஹாஸ்ட். பாம்பை எப்படித் தூக்குவது, எப்படி விஷம் எடுப்பது, எடுத்த விஷத்தை எப்படிக் கெடாமல் வைப்பது என்பதையெல்லாம் விட்டேகர் அங்கே வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு கட்டாய ராணுவச் சேவை. அதை முடித்துக்கொண்டு 1967-ல் மறுபடி இந்தியாவுக்கே திரும்பினார். பின்னாளில் இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

சேலையூரில் சின்னதாக ஆரம்பித்த அவருடைய பாம்புப் பண்ணை, 1972-ல் கிண்டிக்கு வந்தது. பட்டணம் பார்க்கப் போன கிராமத்துக் குடும்பங்களில், கிண்டி பாம்புப் பண்ணையைப் பார்க்காமல் திரும்பியவர்கள் குறைவு. அதுவரை கோயில் புற்றிலும், பாம்பாட்டியின் கூடையிலும் மட்டுமே பாம்பைப் பார்த்திருந்த ஜனங்கள், முதன்முறையாகப் பயமில்லாமல் அருகில் நின்று பார்த்தார்கள். எது விஷப்பாம்பு, எது சாதாரணப் பாம்பு என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

புத்தகத்தில் இல்லாத வாத்தியார்கள்!

விட்டேகருக்குப் பாம்பு பிடிக்கத் தெரியும். ஆனால், மண்ணைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருளர்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவி வாழும் பழங்குடி மக்கள் இவர்கள். நெல் அறுத்த வயலில் எலி வளை தோண்டுவதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பார்கள். வளையின் மறுவாசல்களைத் தேடி அடைத்துவிட்டு, ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி உள்ளே புகை ஊதுவார்கள். எலியையும் பிடித்து, எலி சேர்த்து வைத்த நெல்லையும் தோண்டி எடுப்பார்கள். மருந்து வைக்காமல், மண் கெடாமல் எலியை ஒழிக்கிற வேலை இது.

பாம்பு தேடுவதிலும் அதே கண்தான். வளை வாயில் நூலாம்படை இருந்தால் அண்மையில் எதுவும் உள்ளே போகவில்லை. வாய் வழவழவென்று இருந்தால் போக்குவரத்து உண்டு. மண்ணில் விழுந்த கோடு, கிடக்கும் எச்சம், உரிந்த சட்டையின் துண்டு என ஒவ்வொன்றிலும் ஒரு சேதி. இந்த அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடமாக இல்லை. இளைஞரான விட்டேகர் பல ஆண்டுகள் அவர்களோடு நடந்து, தோண்டி, கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அந்த நாளில் அவர்களுடைய பிழைப்பு பாம்புத் தோலை நம்பி இருந்தது. லட்சக்கணக்கில் தோல்கள் சென்னை வழியாக வெளிநாட்டுக்குப் போயின. கைப்பையும் செருப்பும் இடுப்புவாரும் செய்ய. பிடித்துக் கொடுத்த இருளருக்குக் கிடைத்தது சில்லறை. 1972-ல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1970-களின் நடுவில் தோல் ஏற்றுமதி நின்றது. பாம்புக்கு அது நல்ல காலம். இருளர் வீட்டு அடுப்புக்கு அது கெட்ட காலம். தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில், ஒரே இரவில் குற்றமாக மாறிப்போனது.

காட்டுயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். சட்டம் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று. விட்டேகரும் அவருடைய நண்பர்களும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். பாம்பும் சாகக் கூடாது, இருளரும் பட்டினி கிடக்கக் கூடாது என்றால் என்ன வழி?

தோல் போனது... விஷம் வந்தது!

வழி, பாம்பின் பல்லிலேயே இருந்தது. பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் வேண்டும். மிகக் குறைந்த அளவு விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு அந்த விஷத்தை எதிர்க்கும் சத்தை ரத்தத்தில் உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால் விஷமுறிவு மருந்து. விஷம் இல்லாமல் மருந்து இல்லை.

1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் பதிவானது. பால் கூட்டுறவு சங்கம் தெரிந்த விவசாயிகளுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். அங்கே மாடு, இங்கே பாம்பு. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில், நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு வகைகளை மட்டும் உறுப்பினர்கள் பிடித்து வருவார்கள். ஒவ்வொரு பாம்பும் மண்பானைக்குள், வாயைத் துணியால் கட்டி வைக்கப்படும். வாரம் ஒரு முறை என்ற கணக்கில் சுமார் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு, வயிற்றுப்பக்கச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கிடைத்தால், அதை எடுத்துவர மாட்டார்கள். எடுத்த விஷத்தை உறையவைத்து உலர்த்தி, பொடியாக்கி, மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விற்கிறார்கள்.

செத்தால் ஒரு முறைதான் காசு. உயிரோடு இருந்தால் பாம்புக்கும் வாழ்வு, பிடித்தவருக்கும் வாழ்வு, கடிபட்டவருக்கும் வாழ்வு. இந்தியா முழுவதும் போடப்படும் விஷமுறிவு ஊசிக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி, பல ஆண்டுகளாக இந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இன்றும் சங்கம் இயங்குகிறது. விஷம் எடுப்பதைப் பொதுமக்களும் பார்க்கலாம்.

இருளரின் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில், வீட்டு வளர்ப்பிலிருந்து தப்பிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. என்னென்னவோ செய்து பார்த்தும் கட்டுப்படவில்லை. 2017-ல், செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் வரவழைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 16 அடி. கையில் இருந்த கருவி ஒரு கடப்பாரைக் கம்பி. 2023-ல் இந்த இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விட்டேகருக்கு 2018-லேயே அந்த விருது கிடைத்திருந்தது. சீடருக்கு முதலில், வாத்தியார்களுக்குப் பிறகு!

சாத்தனூர் தண்ணீரில் கிடக்கும் பாடம்!

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஊர்வன என்றால் பாம்புக்கு அடுத்து நினைவுக்கு வருவது சாத்தனூர் முதலைகள். தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் வனத்துறையின் முதலைப் பண்ணை இருக்கிறது. விடுமுறையில் குழந்தைகளை அங்கே அழைத்துப் போகாத குடும்பம் இந்தப் பகுதியில் இல்லை. மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்து, ‘இது பொம்மையா, நிஜமா?’ என்று கேட்காத குழந்தையும் இல்லை.

அந்தப் பண்ணை வேடிக்கைக்காக வந்தது இல்லை. 1970-களில் இந்திய ஆறுகளில் முதலை அநேகமாகக் காலியாகிவிட்டிருந்தது. தோலுக்காகச் சுட்டார்கள். முட்டையை எடுத்துத் தின்றார்கள். 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டையைச் சேகரித்து, பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து மறுபடி ஆற்றில் விடுவது திட்டம். அதே காலத்தில்தான், 1976-ல், விட்டேகரும் அவருடைய மனைவி ஜாய் விட்டேகரும் நண்பர்களும் சேர்ந்து வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். சில பத்து முதலைகளோடு ஆரம்பித்தது ஆயிரக்கணக்கில் பெருகியது.

பொறுமையாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்தப் பண்ணையின் ஆராய்ச்சி நல்ல உதாரணம். சதுப்பு முதலையின் முட்டைக்குள் இருப்பது ஆணா, பெண்ணா என்பதை, முட்டை கிடக்கும் மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. 28 முதல் 31 டிகிரி வரை இருந்தால் பொரிவதெல்லாம் பெண். 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண். இதை 1989-ல் வெளியான ஆய்வில் விட்டேகரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். ஒன்றரை டிகிரியில் ஒரு தலைமுறையின் கணக்கே மாறுகிறது! வெயில் ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில், முதலைக்கு மட்டும் உரிய கவலையாக இது தெரியவில்லை.

முதலை நல்ல தகப்பன் என்பதையும் அங்கேதான் பார்த்துப் பதிவு செய்தார்கள். குஞ்சு முட்டைக்குள்ளிருந்து கத்தும்போது, தாய் மண்ணைத் தோண்டித் திறக்கும். பொரிந்த குஞ்சை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். சில நேரம் ஆண் முதலையும் வந்து அதே வேலையைச் செய்கிறது. மாட்டின் எலும்பை நொறுக்கும் தாடை, முட்டையோட்டை நோகாமல் உடைத்துக் கொடுக்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு நோட்டுப்புத்தகம்

அண்ணாமலையார் மலை 2,668 அடி உயரம். சுற்றி வர 14 கிலோமீட்டர். பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பாறையின் மேல் இருக்கும் ஓணானைப் பார்த்திருப்பார்கள்?

காலை வெயில் ஏறியதும், பாறை ஓணான் வெளியே வரும். சாதாரண நாளில் பாறையின் நிறம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு சிவப்போ ஆரஞ்சோ ஆகி, பக்கவாட்டில் கறுப்பு ஏறிவிடும். பெண்ணைப் பார்த்தாலும், போட்டிக்கு இன்னொரு ஆண் வந்தாலும், கொஞ்ச நேரத்திலேயே நிறம் மாறும். அடிவாரத்துக் கரட்டு நிலத்தில் விசிறித் தொண்டை ஓணான் உண்டு. கோடையில், சின்னக் கல்லின் மேல் ஏறி நின்று, தொண்டைக்கு அடியில் இருக்கும் தோலை விசிறிபோல விரித்து விரித்துக் காட்டும். இதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் போதும்.

முன்பு இந்த மலை மொட்டையாகக் கிடந்தது. ஆடு மாடு மேய்ச்சல், விறகு வெட்டு, கோடைத் தீ என எல்லாம் சேர்ந்து மரத்தைத் துடைத்துவிட்டன. ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அமைப்புகளும், வனத்துறையும், உள்ளூர் மக்களும் பல ஆண்டுகளாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு, கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டி, தீப்பிடித்தால் இரவிலும் ஏறி அணைத்து, சரிவுகளில் பச்சையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். மரம் வந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் ஓணான் வரும். ஓணான் வந்தால் பாம்பு வரும். பாம்பு வந்தால் மயில், கீரி, கழுகு எல்லாம் வரும். மலையில் பாம்பு இருக்கிறது என்றால், மலை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பார்த்ததை எழுதி வைக்கும் பழக்கம்தான் வேடிக்கை பார்ப்பவரை ஆராய்ச்சியாளராக மாற்றுகிறது. தேதி, நேரம், இடம், வெயிலா மழையா, என்ன உயிர், என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஆறு விஷயம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று வருடம் விடாமல் எழுதினால், எந்த மாதத்தில் எந்தப் பாம்பு கொல்லைக்கு வருகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். மழை அளவையும் விதைத்த தேதியையும் எழுதி வைக்கும் விவசாயிக்கு இது புதிய வேலை இல்லை.

இந்தப் பாதையில் போக விரும்பும் பிள்ளைகளுக்குப் படிப்பும் இருக்கிறது. விலங்கியல் பட்டம் முடித்த பிறகு, மயிலாடுதுறை மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் படிக்கலாம். டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும், கோவையில் சலீம் அலி பெயரிலான ஆராய்ச்சி மையமும் உண்டு. விட்டேகர் படிப்பைப் பாதியில் விட்டது அந்தக் காலம். இன்றைக்குப் பட்டமும் வேண்டும், மண்ணைப் படிக்கும் கண்ணும் வேண்டும்.

கொல்லையில் தெரிந்துகொள்ள வேண்டிய நால்வர்

இந்தியாவில் 300-க்கும் அதிகமான பாம்பு வகைகள் உண்டு. அதில் மனிதர் சாவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நான்கே.

நல்ல பாம்பு: படம் எடுக்கும், சீறும், முதலில் எச்சரிக்கும். எலி தேடி வீட்டு ஓரத்துக்கும் வரும்.

கட்டு விரியன்: கறுத்த உடம்பில் வெள்ளைக் கட்டுகள். இரவில் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல் தடம் தெரியாது, வலியும் அதிகம் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகல், பேச முடியாமை என்று வந்தால், பாம்புக்கடி என்றே நினைத்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கண்ணாடி விரியன்: தடித்த உடம்பு, முதுகில் சங்கிலிபோல வட்டங்கள், குக்கர் விசில்போலச் சீற்றம். ‘மலைப்பாம்புக் குட்டி’ என்று தவறாக நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு. வீக்கம், ரத்தம் உறையாமை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை இதன் கடியால் வரும்.

சுருட்டை விரியன்: சிறியது. வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் இருக்கும். செதில்களை உரசி ‘சரசர’வென்று சத்தம் எழுப்பும்.

மற்றவற்றில் பல, விவசாயிக்கு வேலையாட்கள். சாரை எலி தின்னும். மண்ணுளிப் பாம்பு வளைக்குள்ளேயே போய் எலியைப் பிடிக்கும். அதற்கு இரண்டு தலை கிடையாது. மழுங்கிய வால்தான் தலைபோல் தெரிகிறது. லட்சம், கோடி விலை போகும் என்று சொல்பவர்கள் மோசடிக்காரர்கள். வாங்குவதும் விற்பதும் சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். கொம்பேறி மூக்கனுக்கு விஷமே இல்லை. கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பது கதை. சாரையும் நல்ல பாம்பும் ஜோடி சேராது. பின்னிப் பிணைந்து எழுந்து ஆடுவது, சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகள். பாம்பு பால் குடிக்காது, பழிவாங்காது. ‘அரணை கடித்தால் மரணம்’ என்பதும் எதுகைக்காகச் சொன்னதுதான். அரணைக்கு விஷம் கிடையாது.

கடித்துவிட்டால்...

இந்தியாவில் 2000-ல் இருந்து 2019 வரையிலான 20 ஆண்டுகளில், பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தார். பாதி சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது உழவும் விதைப்பும் நடக்கும் மழைக்காலத்தில். 2024 மார்ச்சில் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது குறிக்கோள். 2024 நவம்பரில், மருத்துவமனைகள் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

இந்தச் சாவுகளில் பலவற்றைத் தடுக்கலாம். மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது மோட்டார் போடப் போகிறவர் கையில் டார்ச், காலில் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் இரண்டும் இருக்க வேண்டும். வைக்கோல் போர், கல் குவியல், விறகு அடுக்கு ஆகியவற்றில் வெறும் கையை விடக் கூடாது. முதலில் கோலால் தட்ட வேண்டும். வீட்டுக்குள் தானியம் சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். தரையில் படுப்பவர்கள் கட்டிலுக்கு மாற வேண்டும். முடியாவிட்டால், கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகிக்கொண்டாவது தூங்க வேண்டும்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியவை சிலதான். கடிபட்டவரைப் பதற விடாமல் உட்காரவோ படுக்கவோ வைக்க வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை உடனே கழற்ற வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோலக் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டலாம். 108-க்கு அழைக்க வேண்டும். தாமதமானால் கிடைத்த வண்டியில் ஏறிவிட வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று கை, கால் அழுகும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். முடிந்தால் தூரத்திலிருந்து செல்போனில் படம் எடுக்கலாம்.

மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால், விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் இலவசச் சிகிச்சை பெறலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மருந்து இருக்கிறதா என்று, நல்லபடியாக இருக்கும் நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

‘எங்கள் ஊரில் பச்சிலை கொடுத்துப் பிழைத்தார்களே?’ என்று கேட்பவர்கள் உண்டு. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும். அல்லது, விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். அப்படிப்பட்டவர் தண்ணீர் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார். பச்சிலைக்காகக் காத்திருந்து இறந்தவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை.

வேலை இன்னும் முடியவில்லை. ஒரே வகைப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டில் எடுத்த விஷத்தால் தயாரான மருந்து, தூரத்து மாநிலங்களில் சில பாம்புகளுக்கு அந்த அளவுக்கு வேலை செய்வதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்துவருகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற மருந்து வர வேண்டும் என்றால், ஒவ்வொரு பகுதியிலும் பாம்பை அறிந்த இளைஞர்கள் வேண்டும். மரத்தடியில் ஓணானைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளையின் வேலை அதுவாக இருக்கலாம்.

அடுத்த முறை கொல்லையில் ‘பாம்பு!’ என்ற சத்தம் கேட்டால், கட்டையை எடுக்கும் முன் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் போதும். வழி விட்டால் அது போய்விடும். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் தீயணைப்புத் துறையை 101-லோ 112-லோ அழைக்கலாம். அது எந்தப் பக்கம் போனது என்று கவனித்த பிள்ளையைத் திட்டாமல், ‘என்ன பாம்புடா அது?’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். 80 ஆண்டுகளுக்கு முன்பு பிறந்த ஒரு பையனின் அம்மா செய்ததும் அவ்வளவுதான்.